தொட்டிலருகே ஒரு விஷம்

மதுவின் தீமையைப் பற்றித் தமிழ் நாட்டில் எழுதாத பத்திரிகை இல்லை. பேசாத மேடையும் இல்லை. குடிகாரன் தள்ளாடி வருவதையும், மனைவி வாசலில் நின்று அழுவதையும் சித்திரக்காரர்கள் போட்டுப் போட்டுக் கை சலித்துவிட்டார்கள். அந்தச் சித்திரங்களில் ஒரு மூலையில், தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை நிற்கும். மறுநாள் அந்தக் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று யாரும் சித்திரம் போட்டதாக நமக்கு நினைவில்லை. மூலையில் நிற்கும் அந்தக் குழந்தையையும், அதைப் பெற்றவர்களில் இன்னும் முப்பது வயதை எட்டாதவர்களையும் பற்றியே இங்கே எழுதப் புகுந்தோம்.

நாவலூரை நேயர்கள் பலர் அறிந்திருப்பார்கள். சென்னையிலிருந்து மகாபலிபுரம் செல்லும் பழைய சாலையில் சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி இவற்றைத் தாண்டினால் வரும் ஊர் அது. 2019-ல் செங்கற்பட்டு தனி ஜில்லாவானபோது காஞ்சிபுரத்தை விட்டு அதனோடு சேர்ந்தது. ஒரு தலைமுறைக்கு முன்பு வயலும் ஏரியுமாக இருந்த பிரதேசத்தில் இன்று கண்ணாடி மாளிகைகளும் கம்ப்யூட்டர் கம்பெனிகளும் அடுக்கு வீடுகளும் நிற்கின்றன. அங்கிருந்த சுங்கச் சாவடியில் 2023 அக்டோபரில் வசூலை நிறுத்தினார்கள். (வண்டிக்காரர்கள் அன்று பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது!)

இந்தக் கண்ணாடி மாளிகைகளுக்குச் சிறிது வடக்கே வேறோர் உலகம் இருக்கிறது. சென்னையில் ஆற்றோரங்களிலும் கால்வாய்க் கரைகளிலும் குடியிருந்த ஏழைகளைப் பெயர்த்துக்கொண்டு வந்து குடியேற்றிய இடங்கள் அவை. 2000-ஆம் ஆண்டு முதல் துரைப்பாக்கத்தை அடுத்த கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, அதன் பிறகு எட்டு மாடிக் கட்டடங்கள் வரிசை வரிசையாக நிற்கும் பெரும்பாக்கம். 2004-ஆம் வருஷத்து ஆழிப் பேரலையில் வீடிழந்த மீனவக் குடும்பங்களும் செம்மஞ்சேரிக்கு வந்து சேர்ந்தன. வீடு கிடைத்தது, பிழைப்பு பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. மீன் விற்ற பெண்ணும் மூட்டை தூக்கிய ஆணும் இருபது கிலோ மீட்டருக்கு அப்பால் வேலையைத் தேடி ஓடவேண்டியதாயிற்று. தாத்தாவும் பாட்டியும் ஓரிடத்தில், மகனும் மருமகளும் வேறிடத்தில் என்று குடும்பங்கள் சிதறின. இளந்தம்பதிகளுக்குப் பக்கத்தில் நின்று, "அடே, போதும் நிறுத்து!" என்று அதட்டப் பெரியவர் இல்லாமற்போனது சாமான்ய நஷ்டமல்ல என்பது நம் அபிப்பிராயம்.

போதை ஏழைகளின் வியாதி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். சாலையின் ஒரு பக்கத்தில் சனிக்கிழமைக் கூலியில் வாங்கும் புட்டியையும், மறு பக்கத்தில் சனிக்கிழமை இரவு விருந்தில் திறக்கும் புட்டியையும் பிரிப்பது விலைதான். முதல் வீட்டில் சண்டை தெருவுக்குக் கேட்கும். இரண்டாவது வீட்டில் கண்ணாடி ஜன்னலைச் சாத்திவிடுவதால் கேட்காது. குழந்தை இரண்டு வீட்டிலும் விழித்துக்கொண்டுதான் படுத்திருக்கிறது.

எத்தனை பேர், எந்தப் போதை?

2019-ல் மத்திய சர்க்காருக்காக டில்லி அகில இந்திய வைத்திய ஸ்தாபனம் தேசம் முழுவதும் எடுத்த கணக்கு வெளியாயிற்று. 10 வயது முதல் 75 வயது வரையுள்ளவர்களில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள் என்று அது கண்டது. ஆண்களில் 100-க்கு 27 பேர். பெண்களில் 100-க்கு இரண்டு பேர்கூட இல்லை. இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். நம் தேசத்தில் போதைக்கு அடிமையான பெற்றோர் என்றால் பெரும்பாலும் தகப்பனார். அவருடைய போதையைச் சுமப்பவள் தாய். அதே கணக்கில் இன்னொரு செய்தி: மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவதொரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். காச நோய்க்கு இப்படி 38-இல் ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுத்தால் நாம் சும்மா இருப்போமா? (தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து 1928-ல் காசநோய் ஆஸ்பத்திரி ஏற்படுத்தியபோது அந்த வியாதியையும் ஜனங்கள் வெளியே சொல்ல வெட்கப்பட்டார்கள்.)

மது ஒன்றே விஷயமல்ல. கஞ்சா இருக்கிறது. சமீப வருஷங்களில் சென்னைப் புறநகர்களில் புதிதாகப் பரவியிருப்பது வலி நிவாரண மாத்திரை. கடும் வலிக்கு வைத்தியர் எழுதிக் கொடுக்க வேண்டிய டாபென்டடால் முதலிய மாத்திரைகளைச் சீட்டில்லாமல் வாங்கி, தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களைப் போலீஸார் பிடிப்பதாக அடிக்கடி செய்தி வருகிறது. நாள் முழுவதும் சாரத்தில் நின்று வர்ணம் அடித்தவனுக்கு முதுகு வலிக்கிறது, தோழன் ஒரு மாத்திரை கொடுக்கிறான், வலி போகிறது. மறுநாள் இரண்டு. பிறகு வலி இல்லாத நாளிலும் வேண்டியிருக்கிறது. வாய்க்கென்று செய்த மாத்திரையை ரத்தக் குழாயில் ஏற்றினால் குழாய் அடைபடும்; பொது ஊசியால் ஈரல் நோயும் எய்ட்ஸும் பரவும். உறக்கத்திலேயே மூச்சு நின்றுபோவதும் உண்டு.

குழந்தைக்கே போதை கொடுத்த காலமும் நம் தேசத்தில் இருந்தது. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் பம்பாய்ப் பஞ்சாலைகளில் வேலை செய்த தாய்மார்கள், திரும்பி வரும் வரையில் குழந்தை அழாமல் தூங்குவதற்காக அபின் உருண்டையைக் கொடுத்துவிட்டுப் போவார்களாம். அவர்கள் கொடியவர்களல்ல, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்கள். பெரும்பாக்கத்திலிருந்து விடியற்காலையில் நம் வீடுகளுக்குப் பாத்திரம் துலக்க வரும் பெண்ணின் குழந்தை பகலெல்லாம் யாரிடம் இருக்கிறது என்று அவளை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

மதுவிலக்கின் ஏற்றத் தாழ்வு

மதுவிலக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. 1937 அக்டோபர் 1-ந் தேதி ராஜாஜி சேலம் ஜில்லாவில் அதைத் தொடங்கினார். 1948-ல் மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971-ல் தளர்த்தப்பட்டது, பிறகு மூடுவதும் திறப்பதுமாகப் பல ஆண்டுகள் சென்றன, 2003 முதல் சில்லறை மதுக் கடைகளையும் சர்க்காரே நடத்துகிறது. 2023-ல் 500 கடைகளை மூடினார்கள். கடையை மூடினால் போதுமென்பாரும், மூடினால் கள்ளச் சாராயம் பெருகுமென்பாரும் ஓயாமல் வாதாடுகிறார்கள். கள்ளச் சாராயத்தின் கோரம் நமக்குத் தெரியாததல்ல. 2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்தும் செங்கற்பட்டு ஜில்லாவிலும் 20-க்கு மேற்பட்டோரும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கு மேற்பட்டோரும் மெத்தனால் கலந்த விஷத்தைக் குடித்து மாண்டார்கள். கள்ளக்குறிச்சியில் தாய், தந்தை இருவரையும் ஒருசேர இழந்த குழந்தைகளுக்கு, 18 வயது வரையில் மாதம் 5,000 ரூபாய் தருவதாகச் சர்க்கார் அறிவித்தது. நல்ல காரியந்தான். அந்தப் பெற்றோர் உயிரோடிருந்து குடித்துக்கொண்டிருந்த வருஷங்களில் அவ்வீடுகளுக்குப் போய் விசாரிக்கும் ஏற்பாடு என்ன இருந்தது என்பதே நமது கேள்வி.

குழந்தையை யார் கவனிப்பது?

ஏற்பாடு அடியோடு இல்லையென்று சொல்வதற்கில்லை. 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டப்படி ஜில்லாதோறும் குழந்தைகள் நலக் குழு ஒன்று உண்டு. தலைவர் ஒருவர், அங்கத்தினர் நால்வர்; அவர்களில் ஒருவரேனும் பெண்ணாக இருக்கவேண்டும். கவனிப்பாரற்ற குழந்தையை 24 மணி நேரத்துக்குள் அவர்கள் முன் கொண்டுவர வேண்டும். பெற்றோர் குழந்தையைப் பேணத் தகுதியற்றவராகவோ சக்தியற்றவராகவோ இருந்தால், அந்தக் குழந்தை பராமரிப்புக்கு உரியது என்பது சட்டம். போதையில் சிக்கக்கூடிய நிலையில் உள்ள குழந்தையும் அவ்விதமே. 1098 என்ற எண்ணுக்கு யார் வேண்டுமானாலும் டெலிபோன் செய்யலாம், செலவில்லை.

இங்கேதான் சிக்கல் ஆரம்பமாகிறது. குடிக்கும் கணவனோடு, கைக்குழந்தையோடு, இருபத்து இரண்டு வயதில் தவிக்கும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். உதவி கேட்டால் அதிகாரிகள் வருவார்கள். வந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அண்டை வீட்டுக்காரி அவளுக்குச் சொல்லியிருக்கிறாள். ஆகவே அவள் வாயைத் திறப்பதில்லை. கணவன் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று ஒரு நல்ல நாளில் நினைத்தாலும், போலீஸில் மாட்டிக்கொள்வோமோ என்று பயப்படுகிறான். பயத்தினால் கழியும் ஒவ்வொரு மாதமும் வியாதி முற்றுகிறது. கடைசியில், எந்தப் பிரிவுக்குப் பயந்தார்களோ அந்தப் பிரிவே வந்து சேருகிறது.

சட்டத்தைப் படித்துப் பார்த்தால் இந்தப் பயத்திற்கு அவ்வளவு காரணமில்லை என்றே தோன்றுகிறது. குழந்தையை விடுதிக்கு அனுப்புவது எல்லா வழியும் அடைபட்ட பிறகு செய்யவேண்டிய கடைசிக் காரியம். குடும்பத்தோடு மறுபடி சேர்ப்பதே முதல் நோக்கம் என்று இளைஞர் நீதிச் சட்டம் தெளிவாகச் சொல்லுகிறது. குடும்பத்தைப் பற்றிய விசாரணை 15 நாளில் முடியவேண்டும். நான்கு மாதத்துக்குள் முடிவு சொல்லவேண்டும். வறுமையினால் குழந்தை வீட்டை விட்டுப் போகாமலிருக்க, தகுதியுள்ள குடும்பங்களுக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித் தொகையும் 'வாத்ஸல்யா' திட்டத்தில் இருக்கிறது. போதைப் பொருளைச் சொற்ப அளவில் வைத்திருந்ததற்காகவோ உபயோகித்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டவர், தாமாகவே முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சையை முழுவதும் பெற்றால், அவர் மீது வழக்கு நடத்தக்கூடாதென்று 1985-ஆம் வருஷத்துப் போதைப் பொருள் சட்டத்திலேயே ஒரு பிரிவு உண்டு.

எல்லாவற்றிலும் நம் மனத்தைக் கவர்ந்தது 2017-ஆம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ள ஒரு சிறு வாக்கியம். மதுவினாலும் போதைப் பொருளினாலும் வரும் மனக் கோளாறுகளையும் அந்தச் சட்டம் வியாதியாகவே கருதுகிறது. சிகிச்சைக்காகத் தங்கும் பெண்ணுக்கு மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால், சாதாரணமாக அந்தக் குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்கக்கூடாது. அபாயத்தை முன்னிட்டுப் பிரிக்க நேர்ந்தால் 15 நாளைக்கு ஒரு முறை அந்த நிலைமையை மறுபடி பார்க்க வேண்டும். தாயும் சேயும் ஒரே அறையில் இருக்க இடம் செய்து கொடுக்கும் போதை சிகிச்சை நிலையங்களை விரல் விட்டு எண்ணவேண்டியிருப்பதுதான் பரிதாபம். பெண் நோயாளிகள் குறைவு என்று சமாதானம் சொல்லுகிறார்கள். குழந்தையை விட்டு வரச்சொன்னால் எந்தத் தாய் வருவாள்? வராததனால் குறைவு, குறைவென்பதனால் இடமில்லை. செக்கு மாடு சுற்றுகிறது.

அடையாற்றில் ஒரு முயற்சி

நாவலூரிலிருந்து அதே சாலையில் வடக்கே சென்றால் இந்திரா நகர் வரும். அங்கே டி.டி.கே. ஆஸ்பத்திரி இருக்கிறது. டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரர் ரங்கநாதன் மதுவின் பிடியில் சிக்கி 1979-ல் இளம் வயதிலேயே காலமானார். அவருடைய மனைவி ஸ்ரீமதி சாந்தி ரங்கநாதன், வெட்கத்தினால் மூலையில் முடங்கிவிடாமல், அமெரிக்கா சென்று பயிற்சி பெற்றுத் திரும்பி, 1980-ல் கணவர் பெயராலேயே ஓர் ஆராய்ச்சி ஸ்தாபனத்தைத் துவக்கினார். பெரிய இடத்து வீடுகளில் இந்தச் சமாசாரத்தை மாரடைப்பென்று சொல்லி மூடிவிடும் காலம் அது. கணவரின் வியாதியைப் பெயரோடு சொல்லிப் பலகை மாட்டுவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! 1992-ல் பத்மஸ்ரீ விருதும், 1999-ல் ஐக்கிய நாடுகள் சபையின் வியன்னா விருதும் அவருக்குக் கிடைத்தன.

அங்கே நடக்கும் சிகிச்சையில் நாம் முக்கியமாகக் கருதுவது ஒன்று உண்டு. நோயாளிக்கு மட்டும் மருந்து கொடுத்து அனுப்பிவிடுவதில்லை. மனைவி முதலிய வீட்டாருக்கும் தனியாக வகுப்பும் ஆலோசனையும் உண்டு. மஞ்சக்குடி போன்ற கிராமங்களில் முகாம் போட்டு, ஊராரையே பக்கபலமாக வைத்துக்கொண்டு சிகிச்சை செய்த அநுபவமும் அவர்களுக்கு இருக்கிறது. இப்போது சர்க்காரும் 2025-ல் 'கலங்கரை' என்ற பெயரில் 25 இடங்களில் போதை மீட்பு நிலையங்களைத் திறந்திருக்கிறது.

வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம்: வருஷக் கணக்காக மிகுதியாகக் குடித்தவரை அறையில் பூட்டி, "இன்றோடு சரி" என்று நிறுத்திவிடக்கூடாது. நிறுத்திய சில மணி நேரத்தில் கை நடுக்கம் தொடங்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் பிதற்றலும் பிரமையும் கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். வைத்தியர் பக்கத்தில் இருந்து மருந்து கொடுத்தே நிறுத்தவேண்டும். குடிக்கிறவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் பொடிகளையும் நம்பவேண்டாம். பதிவில்லாத 'மறுவாழ்வு இல்லங்கள்' சிலவற்றில் சங்கிலியால் கட்டி அடிப்பதாகக் கேள்விப்படுகிறோம். சங்கிலியிடுவதைச் சட்டம் அடியோடு தடுக்கிறது. சேர்ப்பதற்கு முன்பு பதிவுச் சான்றைக் காட்டும்படி கேட்பதற்கு யாரும் கூச்சப்படக்கூடாது.

லண்டனில் ஒரு நீதிபதி

இதே பிரச்னையை வெளிநாட்டார் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்ப்பதில் தவறில்லை. லண்டனில் நிக்கோலஸ் கிரைட்டன் என்ற நீதிபதி, ஒரே தாயிடமிருந்து ஒன்றன் பின் ஒன்றாகக் குழந்தைகளைப் பிரித்து உத்தரவு போட்டுப் போட்டு மனம் நொந்தார். அமெரிக்காவில் கண்ட முறையைப் பின்பற்றி 2008-ல் போதை வசப்பட்ட பெற்றோருக்கென்று தனிக் கோர்ட் ஒன்றைத் தொடங்கினார். பதினைந்து நாளைக்கு ஒரு முறை வக்கீல் இல்லாமல் தாயும் நீதிபதியும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசுவார்கள். கூடவே வைத்தியரும் சமூக ஊழியரும் ஒரே குழுவாக வேலை செய்வார்கள். புரூனெல் சர்வகலாசாலையார் இந்தக் கோர்ட்டுக்கு வந்த தாய்மார்களைச் சாதாரணக் கோர்ட்டுக்கு வந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். வழக்கு முடியும்போது போதையை விட்டிருந்தவர்கள் இங்கே 100-க்கு 40, அங்கே 25. போதையை விட்டுக் குழந்தையோடும் சேர்ந்தவர்கள் இங்கே 35; அங்கே 19. இங்கேயும் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஜயிக்கவில்லை என்பதை மறைக்கவேண்டியதில்லை. போதை சுலபமாக விடும் சத்துருவல்ல.

நம் ஊரில் புதிதாகக் கோர்ட் வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. கோர்ட்டுக்குப் போகும் முன்பே தடுக்கும் வழி லண்டனைவிட நம்மிடம் அதிகம் என்று சொல்லத் துணிகிறோம். தமிழ் நாட்டில் கர்ப்பமான பெண் எவளும் கிராம சுகாதார நர்ஸின் கண்ணுக்குத் தப்ப முடியாது. டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டியின் பெயரால் நடக்கும் பிரசவ உதவித் தொகையைப் பெறவேண்டுமானால் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். பிறகு பரிசோதனை, தடுப்பூசி, அங்கன்வாடி என்று மூன்று நான்கு வருஷம் தொடர்பு நீடிக்கிறது. ரத்தமும் எடையும் பார்க்கும் அந்த அம்மாள், "வீட்டில் அவர் குடிக்கிறாரா? எவ்வளவு நாளாக? உனக்குத் தூக்கம் வருகிறதா?" என்று நான்கு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால் என்ன? குடியின் அளவைக் கண்டறிய உலக சுகாதார ஸ்தாபனம் பத்தே கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலை வகுத்திருக்கிறது. ஐந்து நிமிஷத்தில் முடியும். தலைச்சன் குழந்தை பிறக்கப்போகும் மாதங்களில் எந்தத் தகப்பனும் சற்றே மனம் இளகியிருப்பான். அப்போது கேட்கிற நல்ல வார்த்தை, நான்கு வருஷம் கழித்துக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிற்கும்போது கேட்கிற வார்த்தையைவிடக் காதில் ஏறும்.

நர்ஸுக்கு ஏற்கெனவே நோட்டுப் புஸ்தகம் நிரப்புவதிலேயே பாதி நாள் போகிறதென்பதை நாம் அறிவோம். வேலையைக் கூட்டினால் கையையும் கூட்டவேண்டும். பெரும்பாக்கம் போல் பல ஆயிரம் குடும்பங்கள் ஒரே இடத்தில் அடுக்கப்பட்டிருக்கும் ஊரில், போதை ஆலோசகர் ஒருவர் வாரத்தில் இரண்டு நாளாவது ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே உட்கார்ந்திருப்பது அவசியம். ஒரு நாள் கூலியை இழந்து, இரண்டு பஸ் மாறி, பட்டணத்துக்குப் போய்க் காத்திருக்க இளந்தகப்பனால் இயலாது. குழந்தையைப் பகலில் விட்டுப் போவதற்கு அங்கன்வாடி மாலை வரையிலும் திறந்திருக்க வேண்டும் என்பதும் போதைத் தடுப்பைச் சேர்ந்த காரியமே.

நம் வீட்டு விசேஷங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். மகன் பிறந்தான் என்று தோழர்களுக்கு 'பார்ட்டி' கொடுப்பது படித்த இளைஞர்களிடையே வழக்கமாகிவிட்டது. தொட்டில் போடும் நாளிலேயே புட்டியைத் திறக்கும் இந்த விநோத சம்பிரதாயத்தை எந்தச் சாஸ்திரத்தில் கண்டார்களோ தெரியவில்லை. பையனைக் கடைக்கு அனுப்பிப் புட்டி வாங்கிவரச் சொல்லும் தகப்பன்மாரும் உண்டு. 21 வயதாகாதவனுக்கு மது விற்கக்கூடாதென்பது இந்த ராஜ்யத்தின் விதி. குழந்தைக்கு மதுவையோ போதைப் பொருளையோ கொடுப்பவருக்கு ஏழு வருஷம் வரையில் கடுங்காவலும் ஒரு லக்ஷ ரூபாய் வரையில் அபராதமும் இளைஞர் நீதிச் சட்டத்தில் உண்டு.

தேவைப்படும் வீட்டாருக்காக: போதையிலிருந்து மீள ஆலோசனைக்கு 14446, மனக் கலக்கத்துக்கு 14416, குழந்தைக்கு ஆபத்தென்றால் 1098. வேலைக்கு வரும் பெண்மணிக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டால், இந்த மூன்று எண்களையும் அவள் கைபேசியில் நாமே பதிந்து கொடுக்கலாம். அதற்கு இரண்டு நிமிஷம் பிடிக்கும்.